வளைவு பொருந்தினால் போதுமா?

அன்பு மகளுக்கு,

உன் மெயிலையும் அதோடு வந்த வரைபடத்தையும் பார்த்தேன். டிஎன்ஏவில் உட்கார்ந்து தடுக்கும் புரதமான லாக் ரிப்ரசரின் அளவு கூடக்கூட மரபணு அணைவதைக் காட்டும் புள்ளிகள். அவற்றின் மேல் நூல் பிடித்தாற்போல ஓடுகிறது உன் மாடலின் வளைவு. சந்தோஷம்தான். அம்மாவாகப் பாராட்டியாயிற்று, இதே வேலையில் தலை நரைத்தவளாக இனிக் கொஞ்சம் சண்டை போடுகிறேன்.

நீ பொருத்திய ஹில் சமன்பாட்டில், வளைவு எவ்வளவு செங்குத்தாக இறங்குகிறது என்பதைக் காட்டும் அடுக்கெண் 3.7 என்று வந்ததாம். ரிப்ரசருக்கும் நான்கு கூறுகள், ஆகவே சரி என்கிறாய். அந்த நான்கும் முன்பே ஒட்டிக்கொண்டுதானே டிஎன்ஏவிடம் வருகின்றன? ஒரே துகளாக வந்து உட்காருவது அடுக்கெண்ணை நான்காக்கிவிடாது. அந்தச் சமன்பாடு ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிக்கும் விதத்தை விவரிக்க ஆர்ச்சிபால்ட் ஹில் 1910-ல் எழுதியது. எந்த வளைவுக்கும் வளைந்துகொடுக்கும். அதனாலேயே எனக்கு அதன்மேல் சந்தேகம்.

ஏக்கர்ஸ், ஜான்சன், ஷே மூவரும் 1982-ல் பாக்டீரியாவைத் தாக்கும் லாம்டா வைரஸின் ரிப்ரசருக்குச் செய்ததைப் படித்துப் பார். டிஎன்ஏவில் ரிப்ரசர் உட்காரும் இடங்கள் மூன்று. ஒவ்வொன்றும் காலியா, நிரம்பியதா என்று பார்த்தால் மொத்தம் எட்டு நிலைகள். ஒவ்வொரு நிலைக்கும் ஓர் எடை, அதாவது அது நிகழ எவ்வளவு வாய்ப்பு என்பதைச் சொல்லும் எண். அந்த எடைகள் வளைவைப் பொருத்திக் கிடைத்தவை அல்ல. பிணைப்பின் வலிமையைத் தனியாக அளந்து பெற்றவை. மரபணு எப்போது அணையும் என்பது அதற்குப் பிறகு வரும் கணக்கு. உன் 3.7 எந்த அளவீட்டிலிருந்து வந்தது?

அதைவிடப் பெரிய சங்கடம் உன் புள்ளிகளில் இருக்கிறது. அவை ஒவ்வொன்றும் கோடிக்கணக்கான செல்களின் சராசரி. 1957-லேயே நோவிக்கும் வைனரும் இதைக் காட்டிவிட்டார்கள். தூண்டும் பொருளைக் குறைவாகக் கொடுத்தபோது பாக்டீரியாக் கூட்டத்தின் நொதி அளவு மெதுவாக ஏறியது. உள்ளே போய்ப் பார்த்தால், சில செல்கள் முழுக்க இயங்கின, மற்றவை இயங்கவே இல்லை. ஏறியது இயங்கும் செல்களின் எண்ணிக்கை மட்டுமே. சராசரி காட்டிய அந்தப் பாதி நிலையில் எந்தச் செல்லும் இருக்கவில்லை.

சாதாரண ஈ. கோலை பாக்டீரியா செல்லில் லாக் ரிப்ரசர் இருப்பதே பத்துச் சொச்சம்தான். பத்தை வைத்துக்கொண்டு அடர்த்தி என்று பேசுவது எனக்கு எப்போதுமே கூச்சமாக இருக்கும். எண்ணிப் பார்ப்போம், வா. ஒரு மரபணு மணிக்கு 10 புரதம் செய்கிறது, ஒவ்வொரு புரதமும் சராசரியாக ஒரு மணி நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொள். இப்போது செல்லில் 10 இருந்தால், பிறப்பும் சிதைவும் சேர்ந்து மணிக்கு 20 நிகழ்வுகள். சராசரியாக 3 நிமிடத்துக்கு ஒன்று. ஒரு ரேண்டம் எண்ணை எடுத்து, அடுத்தது எப்போது என்று தீர்மானி. இன்னொன்றை எடுத்து, பிறப்பா சிதைவா என்று தீர்மானி. எண்ணிக்கையைத் திருத்து, மறுபடி முதலிலிருந்து. கில்லெஸ்பி 1977-ல் சொன்ன முறை இவ்வளவுதான். முப்பது வரியில் எழுதிவிடலாம்.

நீண்ட நேரம் ஓடவிட்டால் சராசரி 10, திட்ட விலக்கம் 3 சொச்சம் வரும். பிறகு ஒரே ஒரு மாற்றம் செய்: புரதங்கள் ஒவ்வொன்றாகப் பிறக்காமல், மரபணுவின் நகலாக உருவாகிச் சீக்கிரம் சிதையும் ஒவ்வொரு தூது ஆர்.என்.ஏ.விலிருந்தும் சராசரியாக 20 கொண்ட கொத்தாகப் பிறக்கட்டும். கொத்துகள் வரும் வேகத்தை அதற்கேற்பக் குறைத்துவிடு. சராசரி அதே 10. விலக்கம் 14-ஐத் தாண்டிவிடும். ஏறத்தாழ ஐந்தில் ஒரு செல்லில் அந்தப் புரதமே இருக்காது! அது ரிப்ரசராக இருந்தால், அந்தச் செல்லில் மரபணுவைத் தடுக்க ஆளே இல்லை. உன் வளைவுக்கு இந்த இரண்டு உலகங்களுக்கும் வித்தியாசம் தெரியாது.

மாடலே வேண்டாம் என்று சொல்லவில்லை. எலோவிட்ஸும் லீப்லரும் 2000-ல் மூன்று ரிப்ரசர்களை, ஒன்று அடுத்ததை அணைக்கும்படி வளையமாகக் கட்டினார்கள். புரதத்தின் ஆயுளும் தூது ஆர்.என்.ஏ.வின் ஆயுளும் நெருங்கிவந்தால், புரத அளவு மாறிமாறி ஏறி இறங்கும் ஊசலாட்டத்துக்கு வாய்ப்பு அதிகம் என்று சமன்பாடு சொன்னது. அதைக் கேட்டுத்தான், செல் விரைவாகச் சிதைக்கும்படி புரதங்களின் வாலில் ஒரு துண்டை ஒட்டினார்கள். எல்லாச் செல்லிலும் இல்லை என்றாலும், பல செல்கள் ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை ஒளிர்ந்து மங்கின. எனக்குப் பிடித்த மாடல் இப்படிப்பட்டது: சோதனைக்கு முன்பே வாய் திறந்து, தவறாகிவிடும் ஆபத்தையும் ஏற்றுக்கொள்வது.

அடுத்த வாரம் ஆய்வகத்தில் தனித்தனிச் செல் அளவீடு கேட்டு வாங்கு. தருகிறவர்கள் கொஞ்சம் முனகுவார்கள், விடாதே. டேட்டா கைக்கு வருவதற்குள் ஒற்றைப் பிறப்பு, கொத்துப் பிறப்பு இரண்டையும் ஓட்டி, பரவல் எப்படி இருக்கும் என்று தேதி போட்டு எழுதிவை. ரேண்டம் எண்ணின் தொடக்க விதையையும் நோட்டில் குறித்துக்கொள், இல்லையென்றால் அதே ஓட்டத்தை மறுபடி காட்ட முடியாமல் தவிப்பாய். படங்கள் வந்ததும் எனக்கு அனுப்பு, வளைவு இல்லாமல், வெறும் புள்ளிகளாக.

அன்புடன்,
அம்மா