சிண்டரெல்லாவின் கடன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலிண்டா லோ எழுதி 2009இல் வெளிவந்த ‘ஆஷ்’ என்னும் இளையோர் நாவலுக்குத் தங்கள் சென்ற இதழில் வந்த மதிப்புரையை வாசித்தேன். இளவரசன் இருக்க வேண்டிய இடத்தில் அரசனின் வேட்டைத் தலைவியான ஒரு பெண்ணை வைத்ததால் சிண்டரெல்லாவின் மூலக்கதை சிதைந்துவிட்டது என்று மதிப்புரையாளர் வருந்தியிருக்கிறார். அந்த நாவலை விரும்பி வாசித்தவர்களுள் ஒருவர் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறேன்.

மூலக்கதை என்று அவர் எதைக் கருதுகிறார் என்பதே எனக்கு விளங்கவில்லை. கண்ணாடிக் காலணியும் வண்டியாக மாறும் பூசணியும் பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697இல் தந்த வடிவத்தில் வருபவை. கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட ஜெர்மானிய வடிவத்தில் தேவதையே கிடையாது. தாயின் கல்லறையில் வளர்ந்த மரம்தான் ஆடை தருகிறது. 9ஆம் நூற்றாண்டுச் சீனாவில் துவான் செங்ஷி பதிவுசெய்த கதையிலோ, கொல்லப்பட்ட ஒரு மீனின் எலும்புகள் அந்த வேலையைச் செய்கின்றன. மாற்றாந்தாயின் மகள்களுடைய கண்களைப் புறாக்கள் கொத்திப் பிடுங்கும் காட்சியைக் கிரிம் சகோதரர்களே 1819ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் சேர்த்தார்கள். தொகுத்தவர்களே ஏழாண்டுக்குள் கைவைத்த கதையில் இன்னொருவர் கைவைப்பதைச் சிதைவு என்பது பொருந்தாது.

இதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, காதலர் ஆணா பெண்ணா என்பதிலேயே நின்றுவிட்ட மதிப்புரை, நாவலின் முதுகெலும்பாகிய கடனைப் பற்றி ஒரு வரிகூடப் பேசாததுதான். தந்தை இறந்ததும், அவர் கடன் வைத்துவிட்டுப் போனதாகச் சொல்லித்தான் மாற்றாந்தாய் நாயகி ஆஷை வேலைக்காரியாக்குகிறாள். பெரோவின் தேவதை நள்ளிரவுக் கெடு ஒன்றைத் தவிர வேறெதுவும் கேட்காமல் அள்ளிக் கொடுக்கிறாள். இங்கே காட்டில் ஆஷ் சந்திக்கும் சிடியன் என்னும் மாய உலகத்து ஆடவனோ, வேட்டைக்கும் அரண்மனை விருந்துக்கும் போக வழிசெய்து தருவதற்கு ஈடாக, ஒருநாள் அவள் தனக்கு உரியவளாக வேண்டும் என்கிறான். ஒரு கடனுக்காக உழைத்துக் களைத்தவள், அதிலிருந்து சற்றே தப்பும் ஆசையில், அதைவிடப் பெரிய கடனுக்குத் தன்னையே அடகு வைக்கிறாள். தாயை இழந்த துயரத்தில் மாய உலகத்தோடு போய்விடவே ஏங்கிய பெண் என்பதால், அந்த விலை தொடக்கத்தில் அவளுக்கு விலையாகவே தெரிவதில்லை. வேட்டைத் தலைவி கைசாவிடம் வேட்டையாடக் கற்றுக்கொண்டு, அவளோடு பழகப் பழக, வாழ வேண்டும் என்ற ஆசை திரும்பும்போதுதான் அது விலையாகிறது.

கைசா ஒரு பெண் என்பது இந்த இடத்தில் எப்படி வேலைசெய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த உலகத்தில் ஒரு பெண் இன்னொரு பெண்ணை விரும்புவதை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை; தடுப்பாருமில்லை, வீட்டாரிடம் சொல்லிக் கண்ணீர் விடும் காட்சியுமில்லை. ஆகவே ஆஷின் தயக்கம் முழுவதும், ஏற்கெனவே இன்னொருவருக்குக் கடன்பட்ட நான் என்னை எப்படிக் கொடுக்க முடியும் என்ற ஒரே கேள்வியில் குவிகிறது. இதே கதையை எடுத்துக்கொண்டு, விருந்துக்குப் போவதையே சட்டக் கட்டாயமாக்கிய ஒரு நாட்டைப் படைத்து, அதை எதிர்க்கும் தன்பால் ஈர்ப்புடைய பெண்ணைக் காட்டும் கேலின் பேரனின் 2020ஆம் ஆண்டு நாவல் வேறு வகை. அதற்கும் தேவை உண்டு. ஆனால் தன் ஈர்ப்பைக் குறித்து வெளியில் ஓயாமல் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் இளம் வாசகருக்கு, அந்த விளக்கத்தையே கேட்காத ஒரு கதை தரும் ஆறுதல் தனியானது.

இளையோர் கையில் கொடுக்கத் தயங்க வேண்டிய நூல் என்ற மதிப்புரையாளரின் கருத்தையும் ஏற்பதற்கில்லை. காலணிக்குள் நுழையக் குதிகாலை வெட்டிக்கொள்ளும் கதையைச் சிறு பிள்ளைகளுக்கே சொல்லிவருகிறோம். இந்த நாவலில் காதல் பெரும்பாலும் இலைமறை காயாகவே இருக்கிறது.

நாவலில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இத்தனை பக்கங்களாக ஏற்றிக் கட்டிய கடன், சிடியனோடு கழியும் ஓர் இரவோடு, முடிவில் சில பக்கங்களிலேயே தீர்ந்துபோகிறது. ஆஷின் தாய் இட்ட சாபத்தால்தான் அவன் இவளை நேசிக்க நேர்ந்தது என்ற செய்தி அவனை இரக்கத்துக்குரியவனாக்குகிறது. ஆனால், அத்தனை அச்சுறுத்திய ஒப்பந்தம் இவ்வளவு எளிதில் தளர்வதற்கு அது போதுமான காரணமாக எனக்குப் படவில்லை. மதிப்புரையாளர் கண்டிக்க விரும்பியிருந்தால், கண்டிக்க வேண்டிய இடம் இதுதான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்