விரிசல் விழுந்த லிங்கன்

ஆசிரியருக்கு வணக்கம்.

வாஷிங்டன் தேசிய உருவப்பட அரங்கம் பற்றிய கட்டுரையில் பாதி இடத்தை ஒபாமா ஓவியமே எடுத்துக்கொண்டது. சரி, பச்சை இலைகளுக்கு நடுவே நாற்காலியில் அவர் அமர்ந்திருப்பது அழகுதான். ஆனால் லிங்கன் புகைப்படத்தை எப்படி விட்டீர்கள்? 1865 பிப்ரவரியில் அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்தது. கண்ணாடி நெகட்டிவ் விரிசல் விட்டதால், ஒரே ஒரு பிரதி போட்டுவிட்டு நெகட்டிவைத் தூக்கி எறிந்துவிட்டார். அந்த விரிசல் கோடு லிங்கனின் தலைக்குக் குறுக்கே ஓடுகிறது. ஒடுங்கிய கன்னம், களைத்த கண்கள், உதட்டோரம் சிரிப்பா என்று யோசிக்க வைக்கும் ஏதோ ஒன்று. இரண்டே மாதத்தில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அப்புறம், இறந்து 10 ஆண்டு ஆகாதவர்களை நிரந்தரத் தொகுப்பில் சேர்ப்பதில்லை என்று அங்கே முன்பு ஒரு விதி இருந்தது. அதிபர்களுக்கு மட்டும் விலக்கு! அதையும் எழுதியிருக்கலாம்.

- ஒரு வாசகர், திருச்சி