நாலாவது எபிசோடில் நிறுத்திவிட்ட தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள இளங்கோ,

"நாலு எபிசோடு பார்த்துட்டேன், இன்னும் ஒண்ணுமே நடக்கலையே" என்று 'கிமி நி தொடொகே' என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பற்றி எழுதியிருந்தாய். கையைப் பிடிப்பது, காதலைச் சொல்வது, இதெல்லாம் நடக்கவில்லை என்கிறாய். உண்மைதான். முதல் சீசனின் 25 எபிசோடு முடிந்த பிறகும் கதாநாயகி சவாகோவும் அவள் வகுப்பில் படிக்கும் கஸேஹாயாவும் ஒருவரிடம் ஒருவர் காதலைச் சொல்லியிருக்க மாட்டார்கள். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதே.

ஆனால் நீ நிறுத்திய இடம் சரியில்லை. சவாகோவின் தோழிகளைப் பற்றி வதந்தி கிளம்பும் இடம் அது. கதை முதல் முடிச்சைப் போட்டிருக்கிறது, இன்னும் அவிழ்க்கவில்லை. அது அவிழ்வது ஆறாவது எபிசோடில். பார்ப்பதா விடுவதா என்று முடிவெடுக்க வேண்டுமானால் ஆறு முடிந்த பிறகு எடு. அதற்கும் பிடிக்காவிட்டால் தாராளமாக விட்டுவிடு, உனக்கும் இந்தத் தொடருக்கும் ஒத்துவராது.

கதை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார். கஸேஹாயாவுக்குச் சவாகோவைப் பிடித்திருக்கிறது என்பது நமக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடுகிறது. வில்லன் இல்லை, சாதி மதம் இல்லை, வீட்டு எதிர்ப்பும் இல்லை. பிறகு எதற்கு இத்தனை எபிசோடு? தன்னை ஒருவருக்குப் பிடிக்கும் என்பதையே அந்தப் பெண்ணால் நம்ப முடியவில்லை. பேய்ப் படத்துச் சதாகோவின் பெயரைச் சூட்டி, பார்த்தாலே பீடை என்று பள்ளிக்கூடமே ஒதுக்கி வைத்த பெண் அவள். அப்படிப்பட்டவளிடம் முதல் எபிசோடிலேயே ஒருவன் காதலைச் சொன்னால், இரக்கப்பட்டுச் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வாள். அதனால் கதை அவளுக்கு முதலில் இரண்டு தோழிகளைத் தருகிறது. 'அவனுக்கு என்னைப் பிடிக்குமா' என்ற கேள்வி, அதற்கெல்லாம் பிறகுதான் அவள் மனதில் எழவே முடியும்.

ஐந்திலிருந்து தொடராதே. மறுபடி இரண்டாவதைப் போடு. வகுப்பில் உட்காரும் இடங்களை மாற்றும் காட்சியை மட்டும் நிதானமாகப் பார். சவாகோவுக்குப் பக்கத்து இடம் தனக்கு வந்துவிடக் கூடாதே என்று வகுப்பே தவிக்கிறது. அவளும் அதைத் தெரிந்துகொண்டு, யாருக்கும் தொந்தரவாகிவிடக் கூடாதே என்று சுருங்குகிறாள். அப்போது கஸேஹாயா அவள் பக்கத்தில் வந்து உட்காருகிறான். அவனைத் தொடர்ந்து, அவளுக்குத் தோழிகளாகப் போகும் சிஸுரு, யானோ, அவர்களோடு வகுப்புத் தோழன் ர்யூ, மூவரும் வருகிறார்கள். காதல் கதை என்றால் கதாநாயகன் வந்ததோடு காட்சியை முடித்திருப்பார்கள். இங்கே மற்ற மூவரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் காட்சி முடிகிறது. அந்த வித்தியாசம் பிடிபட்டால் ஆறாவது எபிசோடில் கழிவறைக்குள் நடக்கும் சண்டை ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது என்று தெரியும். தனக்காக ஒரு வார்த்தை பேசாதவள், தோழிகளைத் தப்பாகப் பேசியதைத் திரும்பப் பெறச் சொல்லி அத்தனை பேர் நடுவில் தனியாக நிற்கிறாள்.

இன்னொன்றையும் கவனி. சவாகோ எப்போது முழு உருவமாக வருகிறாள், எப்போது இரண்டு கோட்டில் வரைந்த பொம்மை மாதிரி ஆகிவிடுகிறாள்? பதற்றமும் கூச்சமும் வந்தால் பொம்மை. உள்ளுக்குள் ஏதோ ஒன்று நிஜமாகவே அசைந்தால் முழு முகம். அவள் வரவழைத்துக்கொண்டு சிரிக்கும்போது பேய் மாதிரி இருப்பாள். தானாகச் சிரிக்கும் முகத்தை இயக்குநர் ஹிரோ கபுராகி அளந்து அளந்துதான் காட்டுகிறார். அது வரும்போது கஸேஹாயாவின் முகத்தையும் பார்த்துவிடு, அவன் பார்வையைத் திருப்பிக்கொள்வான்.

1.5 வேகத்தில் ஓட்டினாய் என்று நினைக்கிறேன். இந்தத் தொடருக்கு அது ஆகாது. சவாகோவுக்குக் குரல் கொடுத்த மாமிகோ நோதோ பாதி வாக்கியத்தில் மூச்சை நிறுத்துவார், கஸேஹாயாவாக வரும் தாய்சுகே நமிகாவா பதில் சொல்லத் தொடங்கி விழுங்குவார். வேகத்தைக் கூட்டினால் முதலில் காணாமல் போவது இந்த இடைவெளிகள்தான். மிஞ்சுவது வெறும் வசனம், அதில் ஒன்றும் நடக்கவில்லைதான்! ஜப்பானிய ஒலியில் சப்டைட்டிலோடு பார், ஹெட்ஃபோன் இருந்தால் நல்லது. கையில் போனை வைத்துக்கொள்ளாதே.

தொடக்கத்திலும் முடிவிலும் வரும் பாட்டுகளைக் கழித்தால் ஒரு எபிசோடு சுமார் 21 நிமிடம். முதல் சீசன் மொத்தமே ஒன்பது மணி நேரத்துக்குள் அடங்கும். ஒரே மூச்சில் முடித்துவிடலாம்தான், ஆனால் நாளுக்கு இரண்டு போதும். பெயர் சொல்லிக் கூப்பிடப் பழகுவதற்கே ஒரு எபிசோடு போகிறது. அடுத்தடுத்துப் பத்து பார்த்தால் அது இழுவையாகத் தெரியும். ஒன்பதாவது வாக்கில் குருமி வருவாள். பொம்மை போல அழகான, பொறாமை பிடித்த பெண். சாதாரணமாக இந்த வகைத் தொடர்களில் அப்படிப்பட்டவளை அவமானப்படுத்தி அனுப்பிவிடுவார்கள். இங்கே சவாகோ அவளைத் தன் போட்டியாளர் என்று மதிக்கிறாள். தன் மனதில் இருப்பது காதல் என்று அவளுக்குத் தெளிவதும் குருமியால்தான். பத்தொன்பதாவதை ஒட்டி சிஸுருவின் கதை வரும். கிளைக்கதை என்று தாண்டிவிடாதே, மூன்றாம் சீசனில் அதற்கு வேலை இருக்கிறது. 'பின்' என்ற விளையாட்டு வாத்தியார் போடும் கூச்சலை வேண்டுமானால் பொறுத்துக்கொள், எனக்கும் அவர் அதிகம்தான்.

இரண்டாம் சீசன் 2011இல் வந்தது. பூஜ்யம் என்று எண் போட்ட எபிசோடு பழைய கதையின் சுருக்கம், தவிர்த்துவிடு. பிறகு 12 எபிசோடு. இதை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும்: நாளுக்கு இரண்டு வேண்டாம், இரண்டே உட்காரலில் முடி. காதலர் தினத்துக்குச் செய்த சாக்லேட்டை அவள் அவனிடம் கொடுக்காமல் விடுவதில் தொடங்கி, மியுரா கென்தோ என்பவன் குறுக்கே புகுந்து பேசுவது வரை எல்லாமே புரிதல் பிசகு. முதல் சீசனின் தாமதத்துக்கு அவளுடைய பயம் காரணமாக இருந்தது. இங்கே பாதி தாமதம், இரண்டு பேரும் ஒரு கேள்வியைக் கேட்காததால் மட்டுமே வருகிறது. தொடரின் பலவீனமான பகுதி இதுதான், இதை நாள்கணக்கில் நீட்டினால் எரிச்சல் வரும். சேர்த்துப் பார்த்தால் பள்ளி விழாவுக்கு வந்து சேரும்போது அந்த எரிச்சலே உதவும். யார் முதலில் வாய் திறக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாம் சீசன் 13 வருடம் கழித்து, 2024 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸில் வந்தது. ஐந்தே எபிசோடு, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். காதலர்களான பிறகு ஒருவரையொருவர் தொடவே தயங்கும் பிரச்சினை ஒரு பக்கம், சிஸுருவும் ர்யூவும் மறுபக்கம். எனக்கு சிஸுரு, ர்யூ பகுதிதான் பிடிக்கும். தேடும்போது பார்த்துத் தட்டு: இதே பெயரில் நடிகர்களை வைத்து எடுத்த தொடர் ஒன்றும் 2023இல் அங்கேயே வந்திருக்கிறது. முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்றால் இந்தத் தொடருக்கு மூலமான கருஹோ ஷீனாவின் மங்கா (ஜப்பானியப் படக்கதை) இருக்கிறது, 30 தொகுதி, 2017இல் முடிந்துவிட்டது.

ஆறு முடிந்ததும் ஒரு வரி எழுது. பிடிக்கவில்லை என்றாலும் எழுது.

அன்புடன்,
அண்ணன்