நடுவுல குழி விழுந்த கேக்கையும் போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பருக்கு நான் எழுதற முதல் லெட்டர் இது, எழுத்துப் பிழை இருந்தா நீங்களே திருத்திக்கோங்க, கிராம் கணக்குல மட்டும் கை வைக்காதீங்க, இந்த லெட்டரே அதுக்காகத்தான்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல சாக்லேட் கேக் போட்டிருந்தீங்க. படத்துல அது என்னமா இருந்துச்சு, வெட்டின துண்டுல இருக்கற துளையெல்லாம் ஒண்ணொண்ணா எண்ணிடலாம் போல. வீட்ல ரெண்டு நாளா ஒரே நச்சரிப்பு, சரின்னு புதன்கிழமை ராத்திரி வேலையெல்லாம் முடிச்சுட்டு செஞ்சேன். இருபது நிமிஷத்துல மாவு டின் விளிம்பைத் தாண்டி வழிஞ்சு அடிக்கம்பி மேல விழுந்து கருகி வீடு பூரா புகை, கதவைத் திறந்து தொடைச்சு திரும்ப மூடி, பரவால்ல மேல நல்லா உப்பித்தானே இருக்குன்னு மனசைத் தேத்திக்கிட்டு வெளிய எடுத்து வெச்சா, நான் பாத்துக்கிட்டே இருக்கேன், நடுவுல அப்படியே மெதுவா உள்ள இறங்குது. பெருமூச்சு விடற மாதிரி. பையன் வந்து பாத்தான், அந்தக் குழியில ரெண்டு கரண்டி ஐஸ்கிரீமை வெச்சு எரிமலை கேக்குன்னு பேர் வெச்சு ஓரத்தை மட்டும் சுரண்டித் தின்னுட்டு போயிட்டான். நடுவுல இருந்தது பச்சை மாவு, குப்பைக்குத்தான் போச்சு (முட்டை மட்டும் இல்லீங்க, வேகாத மைதாவையும் வழிச்சு நக்கக் கூடாதாம், அதுலயும் கிருமி இருக்கலாம்).

உங்க பேப்பரைத் திட்டறதுக்கு நான் உக்காரல. அந்தக் குறிப்பு எழுதினவங்க கைக்கு அது வந்திருக்கும், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா அதை நான் மறுபடி எடுத்துப் படிச்சப்போ அதுல என்ன இருந்துச்சுன்னு கேளுங்க. ஒரு கப் மைதா. அரை ஸ்பூன் சோடா. தேவையான அளவு பால். கேக் டின்னில் ஊற்றி வேகும் வரை பேக் செய்யவும். அவ்வளவுதான். எந்தக் கப்பு, எந்த ஸ்பூனு, எத்தனை இஞ்ச் டின்னு, எத்தனை டிகிரி, எவ்வளவு நேரம், ஒண்ணும் கிடையாது.

மறுநாள் ஆபீஸ்ல சாப்பிடறப்போ புலம்பினேன். சும்மா ஆறுதலுக்குப் புலம்பினதுதான், ஆனா அங்க நடந்ததைப் பாத்துதான் உங்களுக்கு எழுதணும்னு தோணுச்சு. ஆளாளுக்கு அவங்கவங்க சொதப்பின கதையை எடுத்து விட ஆரம்பிச்சுட்டாங்க, டிபன் பாக்ஸ் காஞ்சு போற வரைக்கும் யாரும் எந்திரிக்கல. அந்த முக்கால் மணி நேரத்துல நான் கத்துக்கிட்டது, ஆறு வருஷமா உங்க பக்கத்தைக் கத்தரிச்சு ஃபைல் போட்டதுல கத்துக்கலங்க, உண்மையைச் சொல்றேன்.

ஒருத்தங்க கேட்டாங்க, கப்புன்னா நீ எதுல அளந்தேன்னு. காபி குடிக்கற கப்புலன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அளவு கப்பே ஒரே மாதிரி இல்லையாம், 240 மில்லின்னு ஒண்ணு, 250 மில்லின்னு ஒண்ணு, காபி கப்புக்கு அளவே கிடையாது. அது கூட பரவால்ல, ஒரே கப்புலயே மைதாவை ஸ்பூனால மெதுவா போட்டு மேல தட்டிவிட்டா கிட்டத்தட்ட 120 கிராம் வரும், அதே கப்பை டப்பாக்குள்ள விட்டு அமுக்கி அள்ளினா 150 கிராம் ஆயிடும். கப்புக்கு 30 கிராம் வித்தியாசம், மூணு கப் போடற கேக்குன்னா நீங்களே பெருக்கிப் பாருங்க. அப்புறம் கேக் காஞ்சு போச்சு, வறட்டி மாதிரி இருக்குன்னு கைராசி மேல பழி. பெரிய ஸ்பூன் கதையும் இப்படித்தான், பொதுவா 15 மில்லி, ஆஸ்திரேலியாக்காரங்க குறிப்பா இருந்தா 20 மில்லி. நெட்ல எந்த நாட்டுக் குறிப்பைப் பாத்து செஞ்சோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கு?

சோடா விஷயத்துல பெரிய சண்டையே வந்துச்சு. எங்க செக்ஷன்ல புதுசா சேர்ந்த பொண்ணு பேக்கிங் பவுடர் இல்லைன்னு அதே ரெண்டு ஸ்பூனுக்கு சமையல் சோடாவைப் போட்டுட்டாளாம், கேக் சோப்பைக் கடிச்ச மாதிரி இருந்துச்சாம். சமையல் சோடா, பேக்கிங் பவுடரை விட மூணு மடங்குக்கு மேல வேகம், அது மட்டும் இல்ல, சோடாவுக்குப் புளிப்பு ஒண்ணு கூட இருக்கணும், தயிரோ மோரோ எலுமிச்சையோ வினிகரோ, அப்பதான் அது பொங்கி வாயு விடும். பவுடர்ல அந்தப் புளிப்பை அவங்களே உள்ள கலந்து, ஈரம் படாம இருக்க கொஞ்சம் ஸ்டார்ச்சும் சேர்த்துடறாங்க. எனக்கு அப்ப வரைக்கும் ரெண்டும் அண்ணன் தம்பின்னுதான் நினைப்பு. இதுல கோகோ வேற குழப்பம், சாதாரண கோகோவுல கொஞ்சம் புளிப்பு இருக்கு, டச்சு கோகோன்னு கருப்பா விக்கறாங்களே, அதுல புளிப்பை எடுத்துட்டுதான் விக்கறாங்க. உங்க குறிப்புல எந்தக் கோகோன்னு இல்ல, எங்க வீட்ல இருந்தது டச்சு. அப்ப நான் போட்ட சோடா யாரோட சேர்ந்து பொங்கியிருக்கும், சொல்லுங்க.

ஆனா குழி விழுந்ததுக்கு அது காரணம் இல்லன்னு எங்க அக்கவுண்ட்ஸ் சார் அடிச்சுச் சொல்லிட்டார். அவர் கேக் செய்யறவரே இல்ல, சாப்பிடறவர். எத்தனை இஞ்ச் டின்னுன்னு கேட்டார், 6 இஞ்ச்ன்னேன். அந்தப் படத்துல இருக்கறது 8 இஞ்சாவது இருக்கும்மான்னார். ரெண்டு இஞ்ச்தானே சார், கொஞ்சம் உயரமா வரும்னு விட்டுட்டேன்னு சொன்னதும் பேப்பர் நாப்கின் மேல கணக்குப் போட ஆரம்பிச்சுட்டார், வட்டத்தோட பரப்பளவு, பள்ளிக்கூடத்துல படிச்சதுதான், 8 இஞ்ச் டின்னுக்கு சுமார் 50 சதுர இஞ்ச், 6 இஞ்ச் டின்னுக்கு 28. ஏறக்குறைய பாதிதான்! அதாவது நான் ரெண்டு கேக் மாவை ஒரே டின்ல ஊத்தி வெச்சிருக்கேன். ஓரம் வெந்து இறுகிப் போச்சு, நடுவுல சூடு போய்ச் சேரவே இல்ல, உள்ள இருந்த வாயுவைத் தாங்கிப் பிடிக்க வெந்த மாவு இல்லாததால வெளிய எடுத்ததும் இறங்கிடுச்சு. புகைக்குப் பயந்து நடுவுல கதவைத் திறந்தது வேற. டின்ல பாதி, மிஞ்சிப் போனா மூணுல ரெண்டு பங்குதான் மாவு நிக்கணும்னு ஒரே ஒரு வரி நீங்க போட்டிருந்தா எனக்கு அந்த ராத்திரி மிச்சமாயிருக்கும்.

இன்னொரு அக்கா சொன்னது ஓவன் பத்தி. (அவன்னு எழுதினா வீட்டுக்காரரை மரியாதை இல்லாம சொல்றேன்னு நினைச்சுப்பீங்க, அதனால ஓவன்னே எழுதறேன்.) அவங்க மூணு வருஷமா குக்கீஸ் வெளுப்பாவே வருதுன்னு அழுதிருக்காங்க, கடைசில ஓவன் உள்ள வைக்கற ஒரு சின்ன தெர்மாமீட்டர் வாங்கி வெச்சுப் பாத்தா, திருகுல 180, உள்ள 155. அந்தத் தெர்மாமீட்டர் இல்லைன்னா சர்க்கரையை வெச்சுக் கண்டுபிடிக்கலாம்னாங்க, சர்க்கரை உருகறது சுமார் 186 டிகிரில, ஒரு ஃபாயில்ல கொஞ்சம் போட்டு 175ல கால் மணி நேரம் வெச்சா உருகக் கூடாது, 190ல வெச்சா உருகணும், மாறி நடந்தா உங்க ஓவன் பொய் சொல்லுதுன்னு அர்த்தம். எனக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஃபேன் ஓடற ஓவன்னா 20 டிகிரி குறைச்சு வைக்கணும்ங்கறதும் அன்னிக்குத்தான் தெரியும். 350ன்னு பாத்துட்டு நம்ம ஓவன்ல அவ்வளவு இல்லையேன்னு முழிச்சவங்களும் அங்க இருந்தாங்க, அது ஃபாரன்ஹீட், செல்சியஸ்ல 177.

பிரட் கதை ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். ரிட்டயர் ஆகப் போற ஒரு மேடம், ஈஸ்ட்டு நல்லா கரையட்டும்னு கொதிக்கற தண்ணியில போட்டு, மூணு மணி நேரம் துணி மூடிக் காவல் காத்திருக்காங்க. ஈஸ்ட் உயிருள்ள சாமான், 60 டிகிரி போனாலே செத்துடும், வெதுவெதுன்னு 40 டிகிரி கிட்ட இருந்தாப் போதும். அது அவங்களுக்கு அப்போ தெரியாது, உப்பாத மாவையே பேக் பண்ணி, அந்த பிரட்டை அவங்க மாமியார் ஒரு வார்த்தை சொல்லாம கதவு அடிச்சுக்காம இருக்க முட்டு வெச்சுட்டாங்களாம். இப்ப அந்த மேடம் போடற பிரட்டை வாங்க வரிசை நிக்குது எங்க ஆபீஸ்ல. கரைச்சு பத்து நிமிஷத்துல நுரை வரலைன்னா மேற்கொண்டு மாவைத் தொடாதேன்னு அவங்க சொன்னா, அது முட்டு வெச்ச பிரட்டு பேசற பேச்சு, அதுக்கு ஒரு கனம் இருக்கு.

எங்க பெரியவங்க எல்லாம் கண்ணளவு கையளவுலயே சமைச்சாங்க, இவளுக்கு மட்டும் தராசு வேணுமான்னு யாராவது கேப்பாங்க. நானும் அப்படித்தான் சமைக்கறேன், உப்புக்கு எல்லாம் ஸ்பூன் தேடினதே இல்ல. ஆனா அடுப்புல இருக்கறதை நடுவுல ருசி பாக்கலாம், உப்பு கூடினா ஏதாவது சேர்க்கலாம், கெட்டியா போனா தண்ணி விடலாம், கடைசி நிமிஷம் வரைக்கும் நம்ம கையில இருக்கு. கேக்கை ஓவனுக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்திட்டா அதோட சரி. அப்புறம் கண்ணாடி வழியா எட்டிப் பாக்கலாம், வேண்டிக்கலாம். அங்க தேவையான அளவுன்னு எழுதறது எந்த ஊர் நியாயம்?

இதெல்லாம் இப்ப யாரோ கண்டுபிடிச்ச விஷயமும் இல்ல. அமெரிக்காவுல ஃபேனி ஃபார்மர்னு ஒரு சமையல் டீச்சர் 1896லயே புஸ்தகம் போட்டு, கப்பையும் ஸ்பூனையும் தலை தட்டித்தான் அளக்கணும்னு பிடிவாதமா எழுதி வெச்சாங்க. ஜெர்மனில ஓட்கர்னு ஒரு மருந்துக்கடைக்காரர் அதே காலத்துல பேக்கிங் பவுடரைச் சின்ன பொட்டலமா கட்டி, அரைக்கிலோ மாவுக்கு ஒண்ணுன்னு கணக்கு வெச்சு வித்தார், அளக்கற வேலையே இல்ல. இங்கிலாந்துல ஆல்ஃப்ரட் பேர்ட்னு ஒருத்தர் 1843ல பேக்கிங் பவுடர் செஞ்சதுக்குக் காரணம் தெரியுமோ, அவர் சம்சாரத்துக்கு ஈஸ்ட் ஒத்துக்காதாம். முட்டையும் ஒத்துக்காதுன்னு அதுக்கு முன்னாடியே முட்டை இல்லாத கஸ்டர்ட் வேற செஞ்சு வெச்சிருந்தார். எங்க வீட்டுக்காரர்கிட்ட இதைப் படிச்சுக் காட்டினேன், நியூஸ் வால்யூமை கொஞ்சம் கூட்டி வெச்சுக்கிட்டார்.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. குறிப்புல கப்பு போட்டா பக்கத்துலயே கிராமும் போடுங்க. டின் எத்தனை இஞ்ச், எவ்வளவு உயரம், ஓவன்ல எந்தத் தட்டுல வெச்சாங்க, ஃபேன் ஓடுச்சா, சோடாவா பவுடரா, வெண்ணெய் விரல் வெச்சா பள்ளம் விழற பதமா இல்ல உருக்கினதா (உருக்கின வெண்ணெயை எவ்வளவு அடிச்சாலும் காத்தைப் பிடிச்சு வைக்காதுங்க, அதையும் ஒருத்தங்க அழுதுகிட்டே சொன்னாங்க). இடம் பத்தலைன்னா படத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்க, யாரும் கோவிச்சுக்க மாட்டோம்.

இன்னொண்ணு, அந்தப் பக்கத்துல ஒரு ஓரமா நாலு விரக்கடை இடம் விட்டு, சொதப்பினவங்க லெட்டரைப் போடுங்க. ஜெயிச்சவங்க குறிப்பு எங்க வேணும்னாலும் கிடைக்குது. அது சரியா வந்தா நமக்கு எதுவும் தெரிய வேண்டியதில்ல, வரலைன்னா எங்க தப்புன்னு அதுல இருக்காது. சொதப்பினவங்கதான் எந்த இடத்துல கால் வழுக்கும்னு சொல்வாங்க. படத்தோடயே போடுங்க, கருகினது, வெடிச்சது, டின்னோட ஒட்டிக்கிட்டு பாதி வந்தது. வாசகர்கள் சிரிப்பாங்களேன்னு பயப்படாதீங்க, அன்னிக்கு ஆபீஸ்ல என்னைப் பாத்து சிரிச்ச ஏழு பேருமே அடுத்து அவங்க கதையைச் சொன்னாங்க. முதல் படம் வேணும்னா என்னோடதைத் தரேன், பையன் ஐஸ்கிரீம் வைக்கறதுக்கு முன்னாடி எடுத்தது.

சனிக்கிழமை மறுபடி செஞ்சேன். 8 இஞ்ச் டின், தராசு வெச்சு மைதா, சோடாவுக்கு பதிலா பவுடர், கதவைத் திறக்கவே இல்ல. நாலையும் ஒரே நேரத்துல மாத்திட்டதால எதுனால சரியாச்சுன்னு இனி என்னால சொல்ல முடியாது, அக்கவுண்ட்ஸ் சார் டின்னுதான்னு சொல்லிக்கிட்டு ரெண்டு துண்டு எக்ஸ்ட்ரா எடுத்துக்கிட்டார். குழி விழல. ஆனா மேல நட்டநடுவுல நீளமா ஒரு வெடிப்பு, மேல்கம்பிக்குக் கிட்டக்க வெச்சதால மேல சீக்கிரம் இறுகி உள்ள இருந்த மாவு பொத்துக்கிட்டு வந்திருக்கும்னு மேடம் சொல்றாங்க, இல்ல சூடே அதிகம்ங்கறாங்க அந்த அக்கா. ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல இப்போ. உங்க வாசகர்கள் யாருக்காவது தெரிஞ்சா வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள போட்டுடுங்க, மூணு முட்டை பாக்கி இருக்கு.

இப்படிக்கு,
ஆறு வருஷமா உங்க சமையல் பக்கத்தைக் கத்தரிக்கும் ஒரு வாசகி