மூடும் கடையின் தள்ளுபடி யாருக்காக?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூடப்படும் மின்னணுப் பொருள் கடைகளில் 'எழுபது விழுக்காடு வரை தள்ளுபடி' கிடைக்கிறது என்றும், சரக்குத் தீருமுன் வாசகர்கள் விரைந்து பயன்பெறலாம் என்றும் தங்கள் இதழில் அண்மையில் வெளிவந்த குறிப்பைப் படித்தேன். நான் சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் நெடுநாளாக வசிப்பவன். 2016ஆம் ஆண்டு டிக் ஸ்மித் என்ற நிறுவனத்தின் மின்னணுப் பொருள் கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டதை அருகிலிருந்து பார்த்தவன். இத்தகைய விற்பனையை நடத்துவது யார், வசூலாகும் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதைச் சொல்லாமல் 'விரைந்து செல்லுங்கள்' என்று மட்டும் எழுதுவது வாசகருக்கு உதவியாகாது என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

1968இல் கார் வானொலி பொருத்தித் தரும் சிறு தொழிலாக சிட்னியில் தொடங்கிய டிக் ஸ்மித், 1980களின் தொடக்கத்திலேயே நிறுவியவரின் கையை விட்டு உல்வொர்த்ஸ் நிறுவனத்துக்குப் போய்விட்டது. 2012இல் அதை ஆங்கரேஜ் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கி, மறு ஆண்டு டிசம்பரிலேயே பங்கொன்று 2 டாலர் 20 சென்ட் என்ற விலையில் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அன்று நிறுவனத்தின் மதிப்பு 52 கோடி டாலர். இரண்டு ஆண்டுகள் கழிந்து, 2016 ஜனவரி முதல் வாரத்தில், கடன் கொடுத்த வங்கிகள் ரிசீவரை, அதாவது கடனை மீட்பதற்காக நிறுவனத்தைப் பொறுப்பேற்று அதன் சொத்துகளை விற்பவரை, நியமித்தன. நிறுவனத்தை வாங்க ஏற்கத்தக்க விலை சொல்ல எவரும் முன்வராததால், ஆஸ்திரேலியாவில் 301, நியூசிலாந்தில் 62 என மொத்தம் 363 கடைகளும் மூடப்படும் என்று பிப்ரவரி இறுதியில் அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 2,900 பேர் வேலை இழந்தார்கள்.

இந்தச் சரிவின் காரணங்களில் ஒன்று, மூடுவிழா விற்பனைக்குப் போகும் எவரும் அறிந்துகொள்ள வேண்டியது. பொருள் வழங்கும் நிறுவனங்கள் தரும் ஊக்கத்தொகையைக் கணக்கில் லாபமாகக் காட்டுவதற்காக, வாடிக்கையாளர் கேட்கும் சரக்கை விட்டுவிட்டு, ஊக்கத்தொகை அதிகம் கிடைக்கும் சரக்கை டிக் ஸ்மித் வாங்கிக் குவித்தது என்பது பின்னாளில் நீதிமன்றம் வரை பேசப்பட்டது. சொந்தப் பெயர் பொறித்த பேட்டரிகள் மட்டுமே ஆண்டுக்கணக்கில் விற்றாலும் தீராத அளவுக்குக் கிடங்கில் கிடந்தனவாம். மூடும் கடையின் அலமாரியில் கடைசிவரை மிஞ்சியிருப்பது பெரும்பாலும் எவரும் கேட்டிராத இத்தகைய சரக்குதான். தொலைக்காட்சி, மடிக்கணினி, பெயர்பெற்ற கைபேசி ஆகியவை சிறு தள்ளுபடியிலேயே முதல் வாரத்தில் போய்விடுகின்றன. வாசலில் தொங்கும் 'எழுபது விழுக்காடு' பொருந்துவது கைபேசி உறைக்கும், எந்த அச்சுப்பொறிக்கு என்றே தெரியாத மைக்குப்பிக்கும்தான்.

கடைக்காரர் விடைபெறும்போது வாடிக்கையாளருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டுப் போகிறார் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். ரிசீவர் வந்த பிறகு விலையை முடிவு செய்வது பழைய கடைக்காரர் அல்லர். சந்தை மதிப்பு இருந்தால் அந்த மதிப்புக்குக் குறையாமலும், இல்லையேல் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த விலைக்கும் சொத்துகளை விற்க உரிய கவனம் எடுக்க வேண்டும் என்று ஆஸ்திரேலிய நிறுவனச் சட்டம் ரிசீவர்மீது கடமை விதிக்கிறது. பணியாளர்களின் சம்பள நிலுவைக்கு அந்தப் பணத்தில் சட்டப்படி முன்னுரிமை உண்டு, அது நியாயமே. அதன்பின் பிணை வைத்துக் கடன் கொடுத்த வங்கிகள் வருகின்றன. மலிவாகக் கொடுத்துத் தீர்ப்பது ரிசீவரின் வேலையே அல்ல என்பதைப் புரிந்துகொண்டால், தள்ளுபடி ஏன் முதலில் பத்து, இருபது விழுக்காட்டில் தொடங்கி, நல்ல சரக்கு தீர்ந்த பிறகே மேலேறுகிறது என்பதும் புரிந்துவிடும்.

அமெரிக்காவில் சர்க்கிட் சிட்டி என்ற மின்னணுப் பொருள் கடை நிறுவனம் 2009 ஜனவரியில் தன் எஞ்சிய 567 கடைகளையும் மூட முடிவெடுத்தபோது, விற்பனையை நடத்தியது சரக்குத் தீர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நிறுவனங்களின் கூட்டு. பல பொருள்களின் விலை முதலில் உற்பத்தியாளர் குறித்த முழு விலைக்கு ஏற்றப்பட்டு அதிலிருந்தே தள்ளுபடி கணக்கிடப்பட்டதாகவும், எதிர்க்கடையில் அதே பொருள் அதைவிடக் குறைவாகக் கிடைத்ததாகவும் அப்போதே செய்திகள் வந்தன. இது அந்த நாட்டோடு முடிந்த வழக்கமும் அல்ல. எங்கள் ஊரில் பின்னாளில் மூடப்பட்ட வேறொரு கடையில் (பெயர் வேண்டாம்) ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியின் மேல் 'முப்பது விழுக்காடு தள்ளுபடி, 139 டாலர்' என்று மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தார்கள். அதன் ஓரம் சற்றுப் பெயர்ந்திருந்தது. அடியில் இருந்த பழைய வெள்ளைச் சீட்டில் 129 டாலர் என்று போட்டிருந்தது. பணம் வாங்குமிடத்தில் நின்ற இளைஞரிடம் காட்டினேன். 'விலை மேலிருந்து வருகிறது சார், எங்கள் கையில் ஒன்றும் இல்லை' என்றார். அடுத்த வாரம் வேலை இருக்காது என்று தெரிந்தும் பொறுமையாகப் பதில் சொன்ன அவரிடம் அதற்குமேல் வாதாட எனக்கு மனம் வரவில்லை.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது பரிசு அட்டை விவகாரம். டிக் ஸ்மித்தில் ரிசீவர் பொறுப்பேற்றதுமே, ஏற்கெனவே விற்ற பரிசு அட்டைகள் செல்லாது, பொருளுக்காகக் கட்டிய முன்பணமும் திரும்பாது, அவற்றை வைத்திருப்போர் வங்கிகளுக்குப் பின்னால், பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் நிற்க வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்பதை நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வாங்கிக் கொடுத்த அட்டைகள் பல உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்திருக்கும். அதே கடை திறந்திருந்தது, அதே பெயர்ப்பலகையின் கீழ் ரொக்கம் வாங்கிக்கொண்டிருந்தது, ஆனால் தான் முன்பே பணம் வாங்கிக்கொண்டு கொடுத்த அட்டையை மட்டும் ஏற்க மறுத்தது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம்; முறையா என்று கேட்டால் என்னால் ஆம் என்று சொல்ல இயலாது.

2019 நவம்பர் முதல் இங்கே விற்கப்படும் பரிசு அட்டைகள் பெரும்பாலானவற்றுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு ஆயுள் இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தது நல்ல செயலே. ஆனால் கடையே போய்விட்டால் அட்டைக்கு ஆயுள் இருந்து என்ன பயன்? அட்டை விற்ற பணத்தை, பொருள் வாங்கப்படும்வரை, நிறுவனம் தொட முடியாத தனிக் கணக்கில் வைக்க வேண்டும் என்று விதித்தால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும். அப்படிச் செய்தால் கடைகளுக்கு அன்றாட நடைமுறைக்கான மூலதனம் குறையும் என்று வணிகர்கள் சொல்வார்கள். வாடிக்கையாளரின் பணத்தை வட்டியில்லாக் கடனாகப் பயன்படுத்துவதை அவர்களே ஒப்புக்கொள்வதாகத்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் மூடும் கடைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இணைப்புக் கம்பி (கேபிள்), மாற்றி (அடாப்டர்), நினைவக அட்டை போன்ற சில்லறைச் சாமான்கள் கடைசி வாரத்தில் மெய்யாகவே மலிவாகக் கிடைக்கும். பெரிய பொருள் என்றால், கைபேசியிலேயே பிற கடைகளின் விலையைப் பார்த்துவிட்டு வாங்க வேண்டும். காட்சிக்கு வைத்திருந்த தொலைக்காட்சியாக இருந்தால் தொலை இயக்கியும் தாங்கியும் இருக்கின்றனவா என்று பார்த்து, அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். பழுதானால் உற்பத்தியாளரிடம் கேட்கும் உரிமை கடை மூடிய பின்னும் உண்டு, ஆகவே ரசீதைப் பத்திரப்படுத்துவது அவசியம். முன்பணம் மட்டும் கட்டவே கூடாது. கையில் பரிசு அட்டை இருக்கிறவர்கள், கடை தள்ளாடுகிறது என்ற செய்தி காதில் விழுந்த அன்றே அதைச் செலவழித்துவிட வேண்டும்.

தங்கள் இதழ் இத்தகைய விற்பனைகளின் விளம்பரத்தை ஏற்கும்போது, விற்பவர் பழைய நிறுவனமா ரிசீவரா என்பதையும், பரிசு அட்டைகள் ஏற்கப்படுமா என்பதையும் விளம்பரத்திலேயே தெளிவாக அச்சிடுமாறு கேட்க வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள். அதற்கு இரண்டு வரி இடம் போதும்.

இப்படிக்கு,
மேற்கு சிட்னி வாசகர் ஒருவர்