ஏற்றத்தில் படுக்கும் கோடு

குன்னூர்

அன்புள்ள மாப்ளே,

ஆறு மாதமாக எழுதவில்லை, தப்புதான். இங்கே எல்லோரும் நலம். அண்ணாச்சிக்கு மூட்டுவலி தேவலையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன்: கோத்தகிரியில் கிளம்பிய பஸ் மேட்டுப்பாளையம் போகிறது, தொலைவு–காலம் வரைபடம் போடுங்கள் (கிடையாக நேரம், மேல்நோக்கி அதுவரை போன தொலைவு). 31 பேரில் 26 பேர் கோட்டினை மேலிருந்து கீழே இறக்கிவிட்டார்கள். ஒருவன் கொண்டை ஊசி வளைவுகூடப் போட்டிருந்தான். "பஸ் இறங்குது இல்ல சார்?" போன தொலைவு எங்கேயாவது குறையுமா, மாப்ளே? ஆனால் கோட்டின் சாய்வுதான் வேகம், செங்குத்தாக எழுந்தால் வேகம் அதிகம் என்று பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர்கள் இவர்கள். அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை. 14 வருஷத்தில் எத்தனை பிள்ளைகள் வரைபடத்தை மலைப்படமாகப் பார்த்துவிட்டுப் போனார்களோ!

மறுநாள் மைதானத்தில் மீட்டருக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டோம். ஒருத்தி நடந்தாள், மற்றவர்கள் நொடிக்கு ஒரு கைதட்டு. தட்டும்போது எந்தக் கோட்டில் இருக்கிறாளோ அதைக் குறித்தோம். நடுவில் ஐந்து தட்டு அசையாமல் நின்றாள். வரைந்து பார்த்துவிட்டு, "நான் நின்னப்பவும் கோடு போய்க்கிட்டே இருக்கே?" என்றாள். "நேரம் நிக்கலையே!" என்றான் ஒருவன். உன்னைப் போல வாயே திறக்காத கடைசி பெஞ்சுக்காரன். எனக்குச் சிலிர்த்துவிட்டது.

அப்புறம் நம் மலை ரயில். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பினால், 46 கிலோமீட்டர் போய் ஊட்டியைத் தொட மதியம் ஆகிவிடும். மலையடிவாரத்தில் இருக்கும் கல்லாறு வரை மணிக்கு 30 கிலோமீட்டர் வரை போகலாம். அங்கிருந்து பல்சக்கரப் பாதை: தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல் பட்டையை இன்ஜினின் பல்சக்கரம் கவ்விக்கொண்டு ஏறும். 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிற இடமெல்லாம் உண்டு, வேகம் 13-ஐத் தாண்டாது. பிள்ளைகளே வரைந்தார்கள். சமவெளியில் விறுவிறுவென்று எழுந்த கோடு, மலை நிமிர்கிற இடத்தில் சாய்ந்து படுத்தது! வழியில் ஹில்குரோவ் ஸ்டேஷனில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்கும்போது ஒரேயடியாகப் படுக்கை. வகுப்பே கத்தியது. நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

அடுத்தது வேகம்–காலம் வரைபடம். அங்கே கோட்டுக்குக் கீழே உள்ள பரப்புதான் கடந்த தூரம் என்பதை எப்படிக் கையில் பிடித்துக் காட்டுவது? அதே யோசனையாகவே இருக்கிறேன். ஏதாவது தோன்றினால் எழுது.

இன்னொன்று. கொடைக்கானலில் இருந்து வத்தலக்குண்டு இறங்கும் பஸ்ஸை உன் வகுப்புப் பிள்ளைகளிடம் வரையச் சொல். முன்கூட்டி ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொடுக்காதே. தாள்களைத் திருத்தாமல் அப்படியே அனுப்பு.

உன்,
பழைய ரூம்மேட்