சராசரியை நம்பலாமா?

ஆசிரியருக்கு,

தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் கரு தங்குமா என்பது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, மாதவிலக்கு திரும்பும் காலத்தை ஒரே சராசரியில் முடித்துவிட்டது. எனக்கு மூத்தவனுக்குப் பால் கொடுத்தபோது 11 மாதம் ஆனது. இளையவளுக்கு, வேலைக்குப் போவதால் புட்டிப்பாலும் சேர்த்தேன். 4ஆம் மாதமே வந்துவிட்டது. ஒரே உடம்புதான்! கணக்கெடுக்கும் நாள்வரை மாதவிலக்கு திரும்பாத தாய்மார்களை விட்டுவிட்டால் சராசரியும் குறைவாகத்தான் வரும். 'இன்னும் வரவில்லை' என்பதையும் தகவலாகச் சேர்க்கும் முறை புள்ளியியலில் உண்டு.

சரி, தாய்க்குத் தேவை சராசரியல்ல, நிபந்தனைகள். குழந்தைக்கு 6 மாதம் நிறையாமல், முழுத் தாய்ப்பால் கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால் கரு தங்காமல் 98 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்பு என்று 1988இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் கூறினர். இதைப் பர்மியிலும் தமிழிலும் அச்சிட்டு, தடுப்பூசிக்கு வரும் தாய்மார்களிடம் கொடுக்கலாம்.

ஒரு வாசகி, யாங்கோன்